அஞ்சரைக் கட்டை

முடியாது என்று போனிலேயே சொன்னேன். இருந்தும் ரயிலேறி வந்திருக்கிறீர்கள். வந்தவர்களை வாசலோடு அனுப்பும் பழக்கம் எனக்கில்லை. உட்காருங்கள். அந்தக் காகிதத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நீட்ட வேண்டாம்.

'அணைக்கரை நாச்சியார்' நாடகத்தை நீங்கள் திரும்பப் போடலாம். வசனத்தைக் குறைக்கலாம். ராஜாவுக்குப் பேண்ட் மாட்டி விட்டாலும் கேட்க மாட்டேன். சென்னையில் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள் என்று கேள்வி. பாட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது. இடைவேளைக்கு முன்னால் நாச்சியார் பாடுகிற பாட்டு அஞ்சரைக் கட்டையில் போட்ட பாட்டு. அஞ்சரையில்தான் பாட வேண்டும். நாச்சியாராக நீங்கள் வைத்திருக்கிற பெண்ணுக்கு எட்டவில்லை என்றால் எட்டுகிற பெண்ணைத் தேடுங்கள். இதற்கு எதற்கு ஒப்பந்தம், கையெழுத்து?

கட்டை என்றால் என்னவென்று தெரியும் அல்லவா? தெரியாமல் நாடகம் போடுகிறவர்களும் வந்திருக்கிறார்கள், அதனால் கேட்கிறேன். சுருதி. பாடுகிறவர் எந்த உயரத்தில் நின்று பாட்டைத் தொடங்குகிறார் என்பது. ஒரு கட்டை இறக்கினால் பாடுகிறவளுக்கு இரண்டு படி குறைந்த மாதிரி. கேட்கிறவனுக்கு மாடியே குறைந்த மாதிரி.

போனில் ஒரு வார்த்தை சொன்னீர்கள். "செங்கமலம் அம்மாவே நாலரையிலதான் பாடினாங்களாமே" என்று. அந்த வார்த்தைக்காகத்தான் உங்களை வரவிட்டேன். அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள். வேறொன்றும் இல்லை.

தை மாதம் அந்தப் பாராட்டு விழாவில் நீங்களும் இருந்தீர்களா? இருந்திருப்பீர்கள். பழைய நாடகக்காரர்களை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு பொன்னாடை. திருச்சியில் முதல் நாச்சியாராக நடித்த செங்கமலம் என் பக்கம் திரும்பி மைக்கைப் பிடித்தாள். எழுபத்தைந்து வயது, பல்செட்டு, ஆனாலும் மைக்கை விடுகிற மாதிரி இல்லை. "வாத்தியார் கோவிச்சுக்கக் கூடாது. திருச்சி முகாம் முழுக்க அந்தப் பாட்டை ஒருநாள்கூட நான் அஞ்சரையில பாடினதில்ல. ஒரு கட்டை எறக்கித்தான் பாடினேன். வாத்தியங்காரங்க எல்லாருக்கும் தெரியும். வாத்தியாருக்கு மட்டும் தெரியாது" என்றாள்.

சபை சிரித்தது. சிரிப்பு அடங்கவே இல்லை. பொன்னாடை கழுத்தில் கிடக்கிறது. எழுந்து போகவும் முடியவில்லை. பக்கத்தில் இருந்த மந்திரியின் ஆள்கூடச் சிரித்தான். அவனுக்குக் கட்டையும் தெரியாது, சட்டியும் தெரியாது. மேடையிலிருந்து பார்த்தேன், முதல் வரிசையில் என் மனைவி ஒருத்திதான் சிரிக்கவில்லை. புருஷன் மானம் போனால் அவளுக்கு மானம் போன மாதிரி. அப்படிப்பட்டவள்.

இதோ, வந்துவிட்டாள். காபி. எடுத்துக்கொள்ளுங்கள். இவள்தான் வடிவு. சர்க்கரை போதுமா என்று கேட்கிறாள். உங்களுக்குக் கேட்டிருக்காது. அவள் குரல் அவ்வளவுதான், வெறும் காற்று. ஐம்பது வருஷமாக நான்தான் எடுத்துச் சொல்வது. காய்கறி வண்டிக்காரனிடம்கூட நான்தான் கத்த வேண்டும். போதுமாம் வடிவு, நீ போ.

திருச்சிக் கதைக்கு வருகிறேன். எழுபத்தொன்றாம் வருஷம், ஒரே ஊரில் தங்கித் தினமும் நாடகம் போடுகிற முகாம். குற்றாலிங்கம் என்று முதலாளி. நல்ல மனிதர், கணக்குப் பார்க்கிற நல்ல மனிதர். அவருடைய நாடக மன்றத்தில் பாட்டு எழுதுவதும் நான், மெட்டுப் போடுவதும் நான். மற்ற கம்பெனிகளில் கவிஞர் ஒருவர் எழுதுவார், இசை வாத்தியார் ஒருவர் மெட்டுப் போடுவார், இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. சண்டை போட வேண்டுமென்றால் என்னோடு நானே போட்டுக்கொள்வேன். வார்த்தையும் ராகமும் ஒரே வயிற்றில் பிறந்தால்தான் மேடையில் நிற்கும். அதை விடுங்கள், உங்களுக்கு நேரமாகும்.

அதற்கு முன் இரண்டு நாடகம் படுத்துவிட்டது. நாடகம் படுத்தால் பாட்டைத்தான் சொல்வார்கள். கதை எழுதினவன் தப்பித்துவிடுவான், நடிகன் தப்பித்துவிடுவான். எனக்குப் புரிந்துவிட்டது. முதலாளி என்னைப் பார்த்தால் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துகொண்டு கீழே பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் சொல்லியும் விட்டார். கும்பகோணத்திலிருந்து கிடார் வாசிக்கிற பையன் ஒருத்தன் வந்திருக்கிறான், நாங்கள் தங்கியிருந்த சத்திரத்துக்கு எதிர் லாட்ஜில் இருக்கிறான், 'நாச்சியார்' முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்ஸ்மோர் வாங்கவில்லை என்றால் பாட்டெல்லாம் அவன் கைக்குப் போகும். என்னைப் போகச் சொல்ல மாட்டாராம். இருக்கலாமாம். எதற்கு? ஆர்மோனியப் பெட்டிக்கு உறை மாட்டவா?

ஒன்ஸ்மோர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பாட்டு பிடித்துவிட்டால் ஜனங்கள் சும்மா கைதட்டிவிட்டு உட்கார மாட்டார்கள். "ஒன்ஸ்மோர்!" என்று கூரை பறக்கிற மாதிரி கத்துவார்கள். விழுந்த திரையைத் தூக்கி மறுபடி பாட வேண்டும். அது வந்தால் வாத்தியார் பிழைத்தான். வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எனக்கு அந்த ஒரு பாட்டுத்தான் மிச்சம் இருந்தது.

கதை உங்களுக்கே தெரியும். ஆற்றில் வெள்ளம். ராஜா ஓடிவிட்டான். நாச்சியார் ஒருத்தி உடைந்த கரையில் நின்று ஆற்றைப் பார்த்து உத்தரவு போடுகிறாள்.

'கல்லைப் புரட்டி வந்தாய், கரையைக் கடித்து வந்தாய்,
நெல்லைத் தொடும் முன்னே நில்லு — அடி
நில்லு, நில்லு, நில்லு.'

மூன்றாவது 'நில்லு' மேல் ஸ்தாயி காந்தாரத்தில், பாட்டிலேயே உச்சமான இடத்தில், போய் நிற்கும். எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். குரல் மட்டும் தனியாக அந்தரத்தில். பிடிக்கிற மட்டும் பிடிக்க வேண்டும். திரை விழ வேண்டும். அஞ்சரைக் கட்டையில் அந்த இடம் ஊசி முனை. அதில்தான் உயிர் இருக்கிறது. கீழே இறக்கினால் ஆற்றைக் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். நாச்சியார் கெஞ்சுகிறவள் இல்லை.

ஒத்திகை ஒரு நெல் குடோனில், மத்தியானத்தில். செங்கமலம் நன்றாகத்தான் பாடினாள். மூன்றாவது நாள் அந்த இடத்தில் குரல் பிசிறியது. நான்காவது நாள் உடைந்தது. இருமினாள். கைக்குட்டையைப் பார்த்தாள், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சிவப்பாக இருந்தது என்று பின்னால் சொன்னார்கள். வெற்றிலை போடுகிறவள்தானே.

"வாத்யாரே, ஒரு கட்டை எறக்கித் தாங்க. ஒண்ணே ஒண்ணு" என்றாள்.

முடியாது என்றேன்.

அப்படியானால் வார்த்தையையாவது மாற்றித் தரச் சொன்னாள். அவ்வளவு உயரத்தில் 'லு' என்று வாயைக் குவித்தால் தொண்டை இறுகுகிறதாம். 'நில்லடா' என்று திறந்த மாதிரி முடித்தால் கொஞ்சம் இளகுமாம். எனக்குப் பாட்டு எழுதச் சொல்லிக்கொடுக்கிறாள். ஆற்றைப் போய் எவளாவது அடா போடுவாளா? ஆறு பெண் அல்லவா? அதையும் முடியாது என்றேன்.

டாக்டரிடம் போய் வந்தாள். பதினைந்து நாள் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டாராம். டாக்டருக்கு என்ன, அவர் நாடகமா போடுகிறார்? முதலாளி வந்தார். வெற்றிலைச் செல்லம் இல்லாமல் வந்தார், அதிலிருந்தே விஷயம் பெரியது என்று தெரிந்தது. "நாகலிங்கம், ரெண்டு பிள்ளைய வச்சிக்கிட்டு அந்தப் பொண்ணு பாடித்தான் சோறு திங்குது. தொண்ட போனா யாரு பொறுப்பு?" என்றார்.

"பாட்டு போனா யாரு பொறுப்பு?" என்று கேட்டேன். சரியான கேள்விதானே? நீங்களே சொல்லுங்கள். சொல்ல வேண்டாம், காபியைக் குடியுங்கள்.

செங்கமலம் அன்றைக்கு எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை விட்டாள். "உங்க பாட்டுக்கு நெறைய தொண்ட கெடைக்கும் வாத்யாரே. எனக்கு ஒண்ணுதான்." திமிர். சத்திரத்துக்குப் போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன். பாட்டு என்னுடையது. நான் போனால் அதுவும் என்னோடு வரும். விளம்பரத் தட்டியெல்லாம் ஊர் முழுக்கக் கட்டியாயிற்று. முதல் நாடகத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. வந்து கூப்பிடாமல் என்ன செய்வார்கள்?

வந்தது தாவூது பாய். ஆர்மோனியம் வாசிக்கிறவர். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரலில் தேன் வைத்துப் பிறந்த மனிதர், ஆனால் வாய் திறக்க மாட்டார். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மதுரை பஸ் வந்தது, போயிற்று. அடுத்த பஸ்ஸில் ஏற எழுந்தேன். கையைப் பிடித்தார். "வாங்க வாத்யாரே. அஞ்சரையிலயே பாடிர்றேன்னு ஒத்துக்கிட்டா" என்றார்.

பார்த்தீர்களா? கெட்டியாக நின்றால் காரியம் நடக்கும். அன்றைக்கு நான் ஒரு கட்டை இறங்கியிருந்தால் இன்றைக்கு நீங்கள் இந்த வீட்டு வாசலைத் தேடி வந்திருக்க மாட்டீர்கள்.

மறுநாளிலிருந்து ஒத்திகை வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போயிற்று. செங்கமலம் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மூன்றாவது 'நில்லு'வில் போய் அப்படியே நின்றாள். ஒரு நாள் இரண்டு நாள் ஓய்வு கொடுத்தால் தொண்டை பழகிவிடும் என்று நான் முன்னமே சொன்னதுதான். ஆனால் அந்த வாரம் எனக்கு வேறு தலைவலி. வாத்தியக்காரர்கள். ஒருத்தனுக்கும் பொறுப்பு இல்லை. புல்லாங்குழல் அம்புரோஸ் தன்னுடைய குட்டைக் குழல் விரிசல் விட்டுவிட்டது என்று ஒரு நீளக் குழலோடு வந்து நின்றான். மிருதங்கக்காரன் கண்ணுச்சாமி, தோல் கிழிந்துவிட்டது, வேறு மிருதங்கம் கொண்டுவந்தேன் என்றான். பிடில்காரர் தந்தி அறுந்துவிட்டது என்று நான்கையும் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே நாளில். நாடகம் தலைக்கு மேல் இருக்கும்போது இப்படி அஜாக்கிரதை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது, அதற்கும் திட்டினேன்.

என்ன பார்க்கிறீர்கள்?

நீளக் குழல் என்றால் சுருதி கீழே, எல்லாரும் சேர்ந்து இறக்கிவிட்டார்கள் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. அதற்கும் பதில் இருக்கிறது. நான் என்ன செவிடனா? சைக்கிள் பெல் அடித்தால் என்ன ஸ்வரம் என்று சொல்வேன். அதோடு கண்ணாலும் பார்த்தேன். தாவூது பாய் வாசித்த ஆர்மோனியப் பெட்டி கல்கத்தாவிலிருந்து புதிதாக வந்தது. விரல் வைக்கிற பலகையையே அப்படியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளி வைக்கலாம். தள்ளிவிட்டால் விரல் பழைய இடத்திலேயே வாசிக்கும், சத்தம் மட்டும் கீழே இறங்கிவிடும். சோம்பேறிகளுக்காகச் செய்த பெட்டி. பலகையில் கை வைக்கக் கூடாது என்று வந்த அன்றைக்கே தாவூது பாயிடம் சொல்லிவிட்டேன். சரி வாத்யாரே என்றார். ஒவ்வொரு ஒத்திகையிலும் அவர் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சரை எந்த இடமோ அந்த இடத்தில்தான் இருந்தது விரல். கண்ணால் பார்த்ததை யார் இல்லை என்பது?

முதல் நாடகம். மழை வேறு. தகரக் கொட்டகையில் மழை பெய்தால் தனியாக ஒரு தவில் கச்சேரி. நான் உள்ளே உட்காரவில்லை. முதல் நாள் எப்போதுமே உட்கார மாட்டேன். சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்தில் யாரென்று பார்த்தால் அந்தக் கிடார்க்காரன். அவனும் டிக்கெட் வாங்காமல் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். "வணக்கம் சார்" என்றான். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. என் வேலைக்குக் காத்திருக்கிறவன் எனக்கே குடை பிடிக்கிறான். என்னத்தைச் சொல்ல.

முதல் காட்சிகள் சுமாராகப் போயின. இருமல், பிள்ளை அழுகை, சோடாப் புட்டி உருளுகிற சத்தம். வெளியே நின்று கேட்டால் நாடகம் எப்படிப் போகிறது என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். சரியில்லை. அவனுக்கும் தெரிந்தது. குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் 'நில்லு'. இரண்டாவது. குரலில் ஒரு கனம் வந்திருந்தது, முதல் ஒத்திகைகளில் இல்லாத கனம். தரைக்குள்ளிருந்து வருகிற மாதிரி. மேடையேறினால் சிலருக்கு அப்படி வரும். மூன்றாவது 'நில்லு'. வாத்தியம் நின்றது. மழைச் சத்தமும் அவளும்தான். பிடித்தாள். பிடித்தாள். ஒரு பிள்ளை அழவில்லை. ஒரு சோடாப் புட்டி உருளவில்லை. சொல்கிறேன், அந்த மாதிரி அமைதி அஞ்சரைக் கட்டையில் மட்டும்தான் வரும்.

அப்புறம் வெடித்தது. ஒன்ஸ்மோர். திரை ஏறியது. மறுபடி பாடினாள். மறுபடி ஒன்ஸ்மோர். கிடார்க்காரன் குடையை என் கையில் கொடுத்துவிட்டு மழையில் நடந்து போனான். நல்ல பையன்தான். சினிமாவுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

முகாம் முழுக்கக் கொட்டகை நிறைந்தது. என் பெயரைப் போஸ்டரில் முதலாளி பெயருக்குக் கீழேயே போட்டார்கள். அந்த ஒரு பாட்டை வைத்து எத்தனை வருஷம் ஓடினேன் தெரியுமா? எந்த ஊருக்குப் போனாலும் 'அஞ்சரைக் கட்டை வாத்தியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரைத்தான் செங்கமலம் அன்றைக்கு மைக்கில் போட்டு உடைத்தாள்.

அவள் திருச்சி முடிந்ததும் போய்விட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனி. ஆளாக்கிவிட்டவனுக்கு ஒரு நமஸ்காரம்கூட இல்லை. போகட்டும். அடுத்த முகாம் கும்பகோணம். நாச்சியாருக்கு யார்? தோழி வேஷம் கட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி இருந்தாள். பத்தொன்பது வயது. கூட்டத்தோடு கோரஸ் பாடுகிறவள். வாய் திறந்து எதையும் கேட்காதவள், நாச்சியாரை நான் செய்கிறேன் என்று தானாக வந்து நின்றாள். ஒரு கட்டை குறைக்கச் சொல்லவில்லை. வார்த்தையை மாற்றச் சொல்லவில்லை. ஒத்திகை முடிந்து தாவூது பாய்தான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், மாட்டேன் மாட்டேன் என்கிற மாதிரி. சம்பள விஷயமாக இருக்கும்.

அவள்தான் இவள். வடிவு.

கும்பகோணத்தில் அம்புரோஸ் பழைய குட்டைக் குழலையே எடுத்துக்கொண்டு வந்தான். ஒட்டியாயிற்றாம். கண்ணுச்சாமிக்கும் பழைய மிருதங்கம் சரியாகிவிட்டது. இவள் பாடினாள். அடேயப்பா! நான் புகழ்ந்து பேசுகிறவன் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். அதே பாட்டு, அதே கட்டை, அதே வாத்தியக்காரர்கள். ஆனால் கொட்டகைக் கூரையை யாரோ கழற்றி எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் மனசில் கேட்ட பாட்டு அதுதான், திருச்சியில் கேட்டதுகூட அது இல்லை. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். இளம் தொண்டை, வேறென்ன. ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்கக்கூட மறந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு மாதம் பாடியிருப்பாள். ஒரு சாயங்காலம் மூன்றாவது 'நில்லு'வுக்கு வாயைத் திறந்தாள், வெறும் காற்று வந்தது. அவ்வளவுதான். அப்புறம் வரவே இல்லை. தஞ்சாவூரில் காட்டினோம், மதராஸில் காட்டினோம். அடிப்படைப் பயிற்சி போதாது, அதுதான் காரணம். செங்கமலம் பாடினாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே? எழுபத்தைந்து வயதில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாளே? பாட்டின் மேல் தப்பில்லை. மறுவருஷம் இவளைக் கல்யாணம் செய்துகொண்டேன். குரல் போன பாட்டுக்காரியை யார் கட்டுவார்கள்? நான் கட்டினேன்.

ஆகவே உங்கள் பெண்ணும் பாடலாம். என்ன வயது என்றீர்கள்? பத்தொன்பதா? சரியான வயது. அஞ்சரை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இல்லையென்றால் எடுத்துக்கொண்டு போங்கள்.

என்ன வடிவு? டம்ளர் எடுக்கத்தானே வந்தாய்? ஏன் நிற்கிறாய்?

கொஞ்சம் இருங்கள். என்னவோ சொல்கிறாள். உங்களிடம் சொல்ல வேண்டுமாம். சொல், நான் எடுத்துச் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணை அஞ்சரையில் பாட வைக்காதீர்கள் என்கிறாள்.

நீ சும்மா இரு வடிவு. உனக்கு வராததால் எல்லாருக்கும் வராது என்று... என்ன? சரி, சரி. சொல்கிறேன். இடையில் நான் பேசக் கூடாதாம். அவள் சொல்வதை அப்படியே சொல்ல வேண்டுமாம். இப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

'தாவூது பாய் எனக்கும் பலகையைத் தள்ளி வைக்கிறேன் என்றார்' என்கிறாள்.

'செங்கமலம் அக்காவுக்குத் தள்ளி வைத்த மாதிரியே' என்கிறாள்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். திருச்சியில் தினமும், திரை ஏறுவதற்கு முன்னால், தோழி வேஷத்தில் பக்கத்திலேயே நின்று. ஒரு தள்ளு, ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதானாம்.

'எனக்குத் தள்ள வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்' என்கிறாள்.

கேட்டீர்களா? வேண்டாம் என்றாளாம். உண்மையான அஞ்சரையில் பாடினவள் இவள்தான். வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள் சாட்சி. நான் சொல்லவில்லையா, கூரையைக் கழற்றின மாதிரி இருந்தது என்று? என் காது பொய் சொல்லவில்லை. வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. தெரிந்தது என்று இப்போதுதானே சொன்னேன் உங்களிடம்?

என்ன? இன்னும் இருக்கிறதா? ஏன் வேண்டாம் என்றாய்? அதைச் சொல்.

சொல்கிறாள். இருங்கள்.

'இந்த மனுஷன் அந்தப் பாட்டை மனசில் எப்படிக் கேட்டாரோ, அப்படி ஒரு தடவையாவது காதால் கேட்கட்டும் என்றுதான்' என்கிறாள்.

...

ஆமாம். அப்படித்தான் சொன்னாள். நான் கூட்டிச் சொல்லவில்லை.

அப்படியானால் திருச்சியில் ஒன்ஸ்மோர் வந்தது நாலரைக்கு. வரட்டுமே. பாட்டு நல்ல பாட்டு. எந்தக் கட்டையில் வைத்தாலும் நிற்கும். அதைத்தானே காட்டுகிறது? நாலரையிலும் நின்றிருக்கிறது. கொட்டகை நிறைந்திருக்கிறது. அப்படியென்றால் இவள் கும்பகோணத்தில்...

விடுங்கள்.

அந்தக் காகிதத்தைக் கொடுங்கள். எங்கே எழுதியிருக்கிறீர்கள் சுருதியை? இடம் விட்டிருக்கிறீர்களா. பேனா வேண்டாம், என்னிடம் இருக்கிறது. நாலரை. நானே எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள். 'லு'வையும் அந்தப் பெண் வாயில் எப்படி வருகிறதோ அப்படி வைத்துக்கொள்ளட்டும். இருமினால் ஒத்திகையை நிறுத்துங்கள். வெற்றிலை போடுகிறாளா என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

கையெழுத்தும் ஆயிற்று. கிளம்புங்கள். சாப்பிட்டுப் போகச் சொல்கிறாள், உங்களுக்குக் கேட்டிருக்காது. இன்னொரு நாள் வாருங்கள். வாசல் வரை நான் வரவில்லை. தெருக்கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்.

வடிவு, டம்ளரை வை. இப்படி வந்து உட்கார். கிட்டே வா. நீ சொல், நான் கேட்கிறேன்.